துளையிட்ட டின்

என் அப்பத்தாவுக்கு ஒரு பழக்கம் இருந்தது. டின்னில் அடைத்த பொருள் எது வீட்டுக்கு வந்தாலும் ஆணியும் சுத்தியலும் எடுத்து அதன் தலையில் இரண்டு ஓட்டை போட்டுவிடுவார். மலேசியாவில் தங்கிவிட்ட சித்தப்பா ஊருக்கு வரும்போதெல்லாம் சார்டின் டின்கள் கொண்டுவருவார். தீபாவளிக்கு வைத்துக்கொள்ளலாம் என்று நாங்கள் கெஞ்சுவோம். அப்பத்தா கேட்கமாட்டார். ஓட்டை விழுந்த டின்னை வைத்திருக்க முடியாது. அன்றைக்கே குழம்பு வைத்துத் தின்று முடித்தாக வேண்டும். "வச்சிருந்தா வம்பு" என்பார். என்ன வம்பு, யாரால் வம்பு என்று சொன்னதில்லை. வயதானவரின் கிறுக்கு என்று நாங்களும் விட்டுவிட்டோம்.

அப்பத்தா சிவகங்கைப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி மலேயாவுக்குப் போனவர். பேராக் மாநிலத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் பால் வெட்டினார். 1950களின் கடைசியில் ஊர் திரும்பினார். நான் கல்லூரியில் சேர்ந்த வருடம் இறந்துபோனார். அதற்குப் பல வருடங்கள் கழித்து, மலேசியத் தமிழ்ப் பெண்களின் எழுத்தைப் பற்றி ஒரு கட்டுரைக்காகப் படித்துக்கொண்டிருந்தபோது அந்தக் காலத்து விதி ஒன்று கண்ணில் பட்டது. உணவு டின்களை விற்கும் கடைக்காரர், விற்கும்போதே அவற்றில் ஓட்டை போட்டுத்தான் கொடுக்க வேண்டும். உணவு சீக்கிரம் கெட்டுவிடும். காட்டிலிருக்கும் கெரில்லாக்களுக்குப் போய்ச் சேராது. அதுதான் நோக்கம். வாசித்துவிட்டு வெகுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். அப்பத்தாவுக்கு இருந்தது கிறுக்கு இல்லை. அது ஒரு போர்த்தந்திரம். போர் முடிந்து முப்பது ஆண்டுக்குப் பிறகும், கடலுக்கு இந்தப் பக்கம் ஒரு கிராமத்து அடுப்படியில் அது நடந்துகொண்டிருந்திருக்கிறது.

1948 ஜூன் மாதம் மலேயாவில் பிரிட்டிஷ் அரசு அவசரகாலத்தை அறிவித்தது. 1960 ஜூலை 31இல்தான் அது முடிந்தது. பன்னிரண்டு ஆண்டுகள் துப்பாக்கி வெடித்த ஒன்றை அவர்கள் போர் என்று சொல்லவில்லை. அவசரகாலம் என்றே சொன்னார்கள். எதிரே இருந்தது மலேயா கம்யூனிஸ்ட் கட்சியின் கெரில்லாப் படை. அதில் பலர் ஜப்பானிய ஆட்சிக்கு எதிராக அதே பிரிட்டிஷாரோடு சேர்ந்து போரிட்டவர்கள். உச்ச காலத்திலும் அவர்கள் எண்ணாயிரம் பேருக்கு அதிகமில்லை. அவர்களை அடக்கப் பல்லாயிரம் படைவீரர்களும் காவலர்களும் ஊர்க்காவல் படையினரும் தேவைப்பட்டார்கள்.

கெரில்லாப் போரைப் பற்றிப் பேசுகிறவர்கள் மாவோவின் உவமையைச் சொல்வார்கள்: கெரில்லா மீன், மக்கள் தண்ணீர். இதற்கு மறுதரப்பு கண்ட விடை எளிமையானது. மீனைத் தேடிக் காட்டுக்குள் அலைய வேண்டாம், தண்ணீரை இறைத்துவிடு. 1950இல் ராணுவ நடவடிக்கைகளுக்குப் பொறுப்பேற்ற லெப்டினன்ட் ஜெனரல் ஹெரால்ட் பிரிக்ஸ் வகுத்த திட்டம் இதுதான். காட்டோரத்தில் குடிசை போட்டுப் பயிர் செய்துவந்த ஏறக்குறைய ஐந்து லட்சம் பேர், பெரும்பாலும் சீனர்கள், லாரிகளில் ஏற்றப்பட்டு, கம்பிவேலியும் காவல் கோபுரமும் உள்ள 'புதுக்கிராமங்களில்' இறக்கப்பட்டார்கள். ஏறக்குறைய ஆறு லட்சம் தோட்டத் தொழிலாளர்களும் சுரங்கத் தொழிலாளர்களும் வேலை செய்த இடத்திலேயே ஒன்றாகக் குவிக்கப்பட்டு வேலிக்குள் வைக்கப்பட்டார்கள். தமிழர்களின் லயங்கள் இந்த இரண்டாவது கணக்கில் வருகின்றன.

இங்கே ஒரு கேள்வி கேட்க வேண்டும். அந்தத் 'தண்ணீர்' யார்? காட்டுக்குள் இருந்தவனுக்குத் தேவைப்பட்டவை அரிசி, உப்பு, கருவாடு, மருந்து, துணி, செய்தி. இவற்றில் பெரும்பாலானவை பெண்களின் கையில் இருந்தவை. அரிசியை அளந்து போடுகிறவள் அவள். எத்தனை பேருக்கு உலை வைத்தாள் என்று அவளுக்குத்தான் தெரியும். ராணுவ ஆய்வாளர்கள் இதற்கு 'வழங்கல் பாதை' என்று பெயர் வைத்தார்கள். அந்தப் பாதையின் தொடக்கப் புள்ளி ஓர் அடுப்படி என்பதைப் போர் வரலாறுகள் எழுதியவர்கள் கவனிக்கவில்லை. போரை நடத்தியவர்கள் நன்றாகவே கவனித்திருந்தார்கள்.

அரிசி பங்கீட்டுக்கு வந்தது. கெடுபிடி அதிகமான பகுதிகளில் வேலிக்கு வெளியே எந்த உணவையும் கொண்டுபோகக் கூடாது. சில இடங்களில் வீட்டில் சமைக்கவே விடாமல் பொதுக் கொட்டகையில் சோறு வடித்துக் கொடுத்தார்கள். அரிசி மாதக்கணக்கில் கிடக்கும். அந்த வெக்கையில் சோறு மறுநாளே ஊசிப்போகும். இதைக் கண்டுபிடிக்க ராணுவக் கல்லூரி தேவையில்லை, எந்த வீட்டுப் பெண்ணும் சொல்லியிருப்பாள். அவளுடைய அந்த அறிவைத்தான் அவளுக்கு எதிராகத் திருப்பினார்கள்.

ரப்பர் மரத்தில் பால் நன்றாக ஓடுவது விடியற்காலைக் குளிர்ச்சியில். இருட்டோடு கிளம்பினால்தான் கூலி கட்டும். ஆனால் ஊரடங்கு முடிந்து வேலிக்கதவு திறந்த பிறகுதான் போக முடியும். வாசலில் வரிசை. பால் வாளியின் அடியில், சைக்கிள் பம்புக்குள், மேலாடைக்குள் அரிசி கடத்தப்படுகிறது என்பதால் ஒவ்வொருவரையும் தடவிப் பார்த்துத்தான் அனுப்பினார்கள். பெண்களைச் சோதிக்கப் பெண்களையே நியமித்தார்கள். அதனால் கண்ணியம் காப்பாற்றப்பட்டுவிட்டதாக அர்த்தமில்லை. சிலாங்கூர் மாநிலத்துச் செமினி என்ற ஊரில், சோதனை என்ற பெயரில் பெண்களின் உடைகளைக் களையவைத்தார்கள் என்று புகார் எழுந்து, 1956இல் அரசே விசாரணை நடத்த வேண்டிவந்தது. புகார் சொல்லும் துணிவு ஓர் ஊருக்கு வந்தது. சொல்லாத ஊர்கள் எத்தனை இருந்திருக்கும்? அப்பத்தா கூட்டத்தில் யாராவது தெரியாமல் மேலே பட்டால்கூடச் சுருண்டுகொள்வார். அதையும் இன்று இந்த வாசல் வரிசையோடு சேர்த்தே நினைக்கிறேன். சேர்க்கலாமா என்று எனக்கு உரிமை கொடுக்க அவர் இல்லை.

1951 அக்டோபரில் பிரிட்டிஷ் உயர் ஆணையர் ஹென்றி கர்னி சுட்டுக் கொல்லப்பட்டார். 1952 பிப்ரவரியில் ஜெனரல் ஜெரால்ட் டெம்ப்ளர் வந்தார். விடை காட்டுக்குள் மேலும் படைகளை அனுப்புவதில் இல்லை, மக்களின் இதயத்திலும் மனத்திலும் இருக்கிறது என்ற கருத்தை உலகப் புகழ்பெற வைத்தவர் இவர். அவர் வந்த அடுத்த மாதமே தஞ்சோங் மாலிம் பக்கத்தில் கெரில்லாக்கள் பதுங்கித் தாக்கிப் பன்னிரண்டு பேரைக் கொன்றார்கள். டெம்ப்ளர் ஊரைக் கூட்டித் திட்டினார். ஒரு நாளைக்கு இருபத்திரண்டு மணிநேர ஊரடங்கு விதித்து, அரிசிப் பங்கீட்டையும் குறைத்தார். ஏறக்குறைய இரண்டு வாரம் இது நீடித்தது. தாக்கியவன் காட்டில் இருந்தான். தண்டனை பானைக்குக் கிடைத்தது. இருக்கிற அரிசியைக் குழந்தைக்கு எவ்வளவு, புருஷனுக்கு எவ்வளவு, மாமியாருக்கு எவ்வளவு என்று பிரித்துவிட்டுத் தனக்கு எதை மிச்சம் வைத்துக்கொள்வது என்று ஒவ்வொரு பெண்ணும் கணக்குப் போட்டிருப்பாள். இதயத்தையும் மனத்தையும் வெல்லும் போர் வயிற்றின் வழியாகத்தான் நடந்தது.

ஒரு தரப்பை மட்டும் குற்றம் சொல்லிவிட்டுப் போக முடியாது. கெரில்லாக்களும் கேட்டதை வாங்கிக்கொண்டார்கள். காட்டிக்கொடுத்தவர் என்று சந்தேகம் வந்தால் கொன்றார்கள். தோட்டங்களைத் தாக்கினார்கள், கூலிக்கு ஆதாரமான ரப்பர் மரங்களையே வெட்டிச் சிதைத்தார்கள். அரிசி கொடுத்தால் சிறை, கொடுக்காவிட்டால் சாவு. இந்த இரண்டுக்கும் நடுவில் நின்றவளைத்தான் இரு தரப்பும் 'மக்கள் ஆதரவு' என்று எழுதிக்கொண்டன. கூலிக்காகப் பேசவந்த சங்கத்தையும் விட்டுவைக்கவில்லை. அகில மலாயாத் தொழிற்சங்க சம்மேளனத்தின் தலைவராக இருந்த தமிழர் எஸ்.ஏ. கணபதி, கைத்துப்பாக்கி வைத்திருந்த குற்றத்துக்காக 1949 மே 4 அன்று கோலாலம்பூர் புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார்.

காட்டுக்குள் பெண்களும் இருந்தார்கள். மலாய்ப் பெண்கள் இயக்கத்தின் தலைவியான ஷம்சியா ஃபாக்கே 1948இல் ஆயுதப் போராட்டத்தில் சேர்ந்தார். 1952இல் ஈப்போவில் பிடிபட்ட லீ மெங், எறிகுண்டு வைத்திருந்ததாகக் குற்றம் சாட்டப்பட்டார். முதல் விசாரணையில் நீதிபதிக்குத் துணையாக அமர்ந்த இருவரும் அவர் குற்றமற்றவர் என்றார்கள். நீதிபதி ஏற்கவில்லை. மறுவிசாரணையில் மரண தண்டனை கிடைத்தது. பிறகு அது ஆயுள் தண்டனையாகக் குறைக்கப்பட்டது. இவர்கள் பெயர்களாவது கிடைக்கின்றன. பத்தாங் காலி அருகே ஒரு ரப்பர் தோட்டத்தில் 1948 டிசம்பரில் ஸ்காட்ஸ் கார்ட்ஸ் படையினர் ஆயுதமில்லாத இருபத்துநான்கு ஆண்களைச் சுட்டுக் கொன்றார்கள். அதற்கு முன் பெண்களையும் குழந்தைகளையும் பிரித்து லாரியில் ஏற்றினார்கள். தப்பியோட முயன்றதால் சுட்டோம் என்றது அரசு. அப்படியில்லை என்று அந்தப் பெண்கள் முதுமைவரை சொல்லிக்கொண்டே இருந்தார்கள். அந்த ஓயாத பேச்சால்தான் வழக்கு 2015இல் பிரிட்டனின் உச்ச நீதிமன்றம் வரை போனது. பொது விசாரணைக்கு உத்தரவிட நீதிமன்றம் மறுத்துவிட்டது.

ராணுவப் பாடங்களில் மலேயா வெற்றிக் கதையாக இருக்கிறது. வென்றது வேலியா என்று கேட்டால் விடை அவ்வளவு எளிதில்லை. கெரில்லாக்களில் பெரும்பாலானவர்கள் ஒரே இனத்தைச் சேர்ந்தவர்கள். எல்லைக்கு அப்பாலிருந்து ஆயுதம் வரவில்லை. கொரியப் போரால் ரப்பர் விலை ஏறி அரசிடம் பணம் சேர்ந்தது. லட்சக்கணக்கானவர்களுக்குக் குடியுரிமை திறந்துவிடப்பட்டது. 1957இல் நாடே சுதந்திரமடைந்தது. காலனியத்தை எதிர்த்த போருக்கு அதன் முதல் காரணமே இல்லாமல் போயிற்று. இவற்றையெல்லாம் பெயர்த்து எடுத்துப்போக முடியாது. கம்பிவேலியை எடுத்துப்போகலாம். எடுத்துப்போனார்கள்.

கென்யாவில் 1954 முதல் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட கிக்கூயு மக்களை இப்படிக் கிராமங்களுக்குள் அடைத்தார்கள். ஆண்களில் பலர் தடுப்பு முகாம்களில் இருக்க, ஊரைச் சுற்றி அகழி வெட்டிய கைகளில் பெரும்பகுதி பெண்களுடையவை. மலேயாவில் பணியாற்றிய ராபர்ட் தாம்சன், வியட்நாமுக்கு ஆலோசகராகப் போனார். 1962இல் அங்கே தொடங்கிய வேலிக் கிராமத் திட்டம் இரண்டே ஆண்டுகளில் சிதைந்தது. விடுதலை பெற்ற இந்தியாவும் இந்தப் பாடத்தைப் படித்தது. 1966இல் மிசோ கிளர்ச்சி வெடித்தபோது ஐஸ்வால் நகரின்மீது நம் விமானப்படையே குண்டு போட்டது. 1967 முதல் மிசோ கிராமங்களை எரித்து, மக்களைச் சாலையோரம் குவித்து, 'பாதுகாக்கப்பட்ட முன்னேற்றக் கிராமங்கள்' என்று பெயரிட்டது. 2009இல் வன்னிப் போரிலிருந்து மிஞ்சி வந்த ஏறக்குறைய மூன்று லட்சம் தமிழரை மெனிக் ஃபார்ம் போன்ற முகாம்களில் கம்பிக்குள் அடைத்தபோது இலங்கை அரசு அவற்றை 'நலன்புரிக் கிராமங்கள்' என்றது. புது, பாதுகாப்பு, முன்னேற்றம், நலன்புரி. மொழியை வைத்துப் பிழைக்கிறவள் நான். நல்ல சொற்கள் வரிசையாக வந்து நிற்கும்போது பின்னால் முள்கம்பி இருக்கிறதா என்று எட்டிப் பார்க்கப் பழகிவிட்டேன்.

வகுப்பில் ஆண்டுதோறும் புறத்திணை நடத்துகிறேன். கோட்டையை முற்றுகையிடுகிறவன் உழிஞை சூடுவான், உள்ளிருந்து காப்பவன் நொச்சி சூடுவான். போன வருடம் முதுகலை மாணவி ஒருத்தி எழுந்து, "முற்றுகை நடக்கறப்ப உள்ள இருக்கறவங்களுக்குச் சோறு யார் மேடம் பொங்கினாங்க?" என்று கேட்டாள். வகுப்பு சிரித்தது. எனக்குச் சிரிக்கத் தோன்றவில்லை. புறப்பொருள் இலக்கணத்தில் அவளுக்குத் திணை கிடையாது, பூவும் கிடையாது. இன்னொன்றும் அப்போதுதான் உறைத்தது. என் அப்பத்தாவைச் சுற்றி நின்ற வேலியில், காக்கிறவனும் முற்றுகையிடுகிறவனும் ஒரே ஆள். ஒரே தலையில் நொச்சியும் உழிஞையும். அந்தப் போருக்கு நம் இலக்கணம் பெயர் வைக்கவில்லை.

அந்த மாணவியிடம் அப்பத்தாவைப் பற்றிச் சொன்னேன். "அவங்க காட்டுக்கு அரிசி குடுத்தாங்களா?" என்று கேட்டாள். தெரியாது. கொடுத்திருந்தால் வீராங்கனை என்றும், கொடுக்காவிட்டால் சாதாரணப் பெண் என்றும் பிரிக்க எனக்கு மனமில்லை. பயந்து டின்னைத் துளைத்தாலும், பயத்தோடு ஒரு கைப்பிடி அரிசியை மடியில் முடிந்திருந்தாலும், அந்தப் போர் அவர் கையின் வழியாகத்தான் நடந்திருக்கிறது. கேட்டிருக்க வேண்டிய வயதில் நான் கேட்கவில்லை. உங்கள் வீட்டுக் கிழவிகளிடம் காரணம் புரியாத பழக்கம் ஏதாவது இருந்தால், கிறுக்கு என்று தள்ளிவிடாமல் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள் என்று மாணவிகளிடம் இப்போது சொல்லிவருகிறேன்.

இந்தப் பொங்கலுக்குச் சித்தப்பா மகன் வந்திருந்தான். வழக்கம்போல நான்கு சார்டின் டின்கள். மூன்றைச் சமைத்தோம். ஒன்றை ஓட்டை போடாமல் அலமாரியில் வைத்திருக்கிறேன்.