தீவகத்து மின்திட்டக் கேள்வி எந்த மன்றத்தில் தோற்றது?

நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகியவற்றின் கலப்பு மின்திட்டம் பற்றி எழுதியோரில் பெரும்பாலானோர் அதைப் பாக்கு நீரிணையின் பலப்பரீட்சையாகவே வாசித்திருக்கிறார்கள். சீன நிறுவனம் கேள்வியை வென்றது, இந்தியா ஆட்சேபித்தது, கொழும்பு பின்வாங்கியது, கடைசியில் இந்திய மானியம் வந்தது. நிகழ்வுகளின் வரிசையில் பிழை சொல்ல இடமில்லை. ஆயினும் இந்த வாசிப்பு ஒன்றைக் கேளாமலே கடந்து போகிறது. திறந்த போட்டியில் வழங்கப்பட்ட ஓர் அரச ஒப்பந்தம் எந்தச் சட்ட வழியில் இல்லாமற் போனது? ஒப்பந்தம் வழங்கப்படுவதை எதிர்ப்பதற்கு இலங்கையில் வழிகள் உண்டு என்பதும், இந்த எதிர்ப்பு அவற்றில் எதன் வழியாகவும் வரவில்லை என்பதுமே இக்கட்டுரையின் வாதம்.

திகதிகளை அருகருகே வைத்துப் பார்த்தாலே ஒரு செய்தி துலங்கும். 19ஆம் திருத்தம் 2015இல் உருவாக்கிய தேசிய பெறுகை ஆணைக்குழுவை, 2020 ஒக்டோபர் இறுதியில் நடைமுறைக்கு வந்த 20ஆம் திருத்தம் ஒழித்தது. 2022 ஒக்டோபர் இறுதியில் 21ஆம் திருத்தமே அதை மீட்டெடுத்தது. சினோசோர்-எடெக்வின் என்ற சீனக் கூட்டு நிறுவனத்துக்கு வேலையை வழங்க அமைச்சரவை அங்கீகாரம் அளித்தது 2021 ஜனவரி 18இல். இந்தியாவுடன் புரிந்துணர்வு உடன்படிக்கை கைச்சாத்தானது 2022 மார்ச்சில். ஒப்பந்தத்தின் பிறப்பும் மறைவும் முழுவதுமாக அந்த ஆணைக்குழு இல்லாத இரண்டு ஆண்டுகளுக்குள் அடங்கிவிட்டன.

இதற்கு அளவுக்கு மீறிய பொருள் கொள்ளக் கூடாது. ஆணைக்குழு மேன்முறையீடு கேட்கும் மன்றமன்று; வழிகாட்டிகளை வகுப்பதும் பெறுகைகளைக் கண்காணிப்பதும் முறைமீறல்களை விசாரித்து உரியவர்களுக்கு அறிக்கையிடுவதுமே அதன் பணி. அது இருந்திருந்தால் முடிவு மாறியிருக்கும் என்று நிறுவ முடியாது. ஆனால் நடந்ததை எழுத்தில் பதிய வேண்டிய ஒரு சுயாதீன அமைப்பு அப்போது இருக்கவில்லை. அந்த வெற்றிடம்தான் அடுத்து வரும் சான்றுக்கு இத்தனை கனத்தைக் கொடுக்கிறது.

அச்சான்று கொழும்பிலுள்ள சீனத் தூதரகம் 2021 டிசம்பர் தொடக்கத்தில் சமூக ஊடகத்தில் இட்ட ஒரு சிறு பதிவு. மூன்றாம் தரப்பொன்றின் பாதுகாப்புக் கரிசனை காரணமாக வடக்கின் மூன்று தீவுகளில் சினோசோரின் பணி இடைநிறுத்தப்பட்டதென்றும், அதே நிறுவனம் நவம்பர் 29இல் மாலைதீவின் 12 தீவுகளில் சூரிய மின்நிலையங்கள் அமைக்க அந்நாட்டு அரசுடன் ஒப்பந்தம் செய்ததென்றும் அது சொன்னது. முந்தைய ஆய்வு மரபு இதை இராஜதந்திரக் குத்தலாகவே எடுத்துக்கொண்டது. அதே மாதம் சீனத் தூதர் யாழ்ப்பாணம் வந்து வேட்டியுடன் நல்லூருக்குச் சென்ற படம் அந்த வாசிப்புக்கு நன்றாகவே பொருந்தியது.

பெறுகை ஆவணமாக எடுத்துப் படித்தால் இதே பதிவு வேறொன்றைக் காட்டுகிறது. ஒப்பந்தம் முடிவுறுத்தப்பட்டதாக அது சொல்லவில்லை. அமைச்சரவை அங்கீகாரம் கிடைத்துப் பத்து மாதங்களுக்கு மேலாகியும் வென்றவரின் நிலை அந்தரத்திலேயே இருந்திருக்கிறது. வழமையான நடைமுறையில் கேள்விகளை நிராகரிக்கலாம், ரத்துச் செய்து மீளக் கோரலாம், ஒப்பந்த விதிகளின்படி முடிவுறுத்தலாம். ஒவ்வொன்றுக்கும் காரணம் எழுத வேண்டும். பதிவு சுட்டும் காரணமோ, கேள்வியில் பங்கேற்காத ஒரு தரப்பின் கரிசனை. அதைவிட முக்கியம், காரணத்தைச் சொன்னது யார் என்பது. ஒப்பந்தத்தை வழங்கிய அரசின் வாயிலிருந்து வந்திருக்க வேண்டிய காரணம், வென்றவரின் நாட்டுத் தூதரகத்தின் வாயிலிருந்து ஊடகங்களுக்கு எட்டியது. தூதரகம் தன் நிறுவனத்தின் பக்கம் பேசும் சாட்சி. அதன் சொல்லை முழுதாக நம்பத் தேவையில்லை. காரணம் அங்கிருந்து வந்தது என்பது மட்டும் அந்தச் சாட்சியின் நேர்மையைச் சார்ந்ததல்ல.

தோற்ற கேள்விதாரருக்கு 2006ஆம் ஆண்டுப் பெறுகை வழிகாட்டி முறையீட்டு வழியையும் காலக்கெடுவையும் தந்திருந்தது. திட்டத்துக்குக் கடனளிக்க இருந்த ஆசிய அபிவிருத்தி வங்கியில் சீனாவும் இந்தியாவும் உறுப்பினர்கள். இரு நாட்டு நிறுவனங்களும் போட்டியிடத் தகுதியுள்ளவை. நாட்டின் பாதுகாப்பு தகுதிக்குரிய அளவுகோலாக வேண்டுமானால், கேள்வி கோரும்போதே அது எழுதப்பட வேண்டும். இந்திய அரசு கேள்விதாரர் அல்ல. அதன் ஆட்சேபம் அரசிடமிருந்து அரசுக்குச் சென்றது.

இனி மக்களின் பக்கம். அரச ஒப்பந்தங்களுக்கும் அரசியலமைப்பின் 12(1)ஆம் உறுப்புரையின் சமத்துவம் பொருந்தும் என்பதை விக்கிரமதுங்க எதிர் அநுருத்த ரத்வத்தை வழக்கு 1998இலேயே நிலைநாட்டியது. அரச நிறுவனமான லங்கா மரைன் சேர்விசஸின் விற்பனையை 2008இல் உயர் நீதிமன்றம் செல்லாததாக்கியது. மனுதாரர் வாசுதேவ நாணயக்கார அந்த வியாபாரத்தில் போட்டியிட்டவர் அல்லர். இன்னொரு எடுத்துக்காட்டு யாழ்ப்பாணத்திலேயே இருக்கிறது. சுன்னாகம் மின்நிலையக் கழிவெண்ணெய் கிணற்று நீரில் கலந்ததென்ற அச்சம் வலிகாமமெங்கும் பரவிய நாட்களில், ஊரவர்கள் தோட்டத்துக்கு இறைக்கும் தண்ணீரைக் கையில் ஏந்தி மணந்து பார்த்த பிறகே குடிக்கத் துணிந்தார்கள். அதை வழக்காக உயர் நீதிமன்றத்துக்குக் கொண்டு சென்ற ரவீந்திர காரியவசம் பாதிக்கப்பட்ட குடும்பத்தவர் அல்லர்; சூழலியல் செயற்பாட்டாளர். 2019 ஏப்ரலில், மின்நிலையத்தை நடத்திய நொதேர்ன் பவர் நிறுவனம் 2 கோடி ரூபாய் இழப்பீடு செலுத்த வேண்டுமெனத் தீர்ப்பானது. அது பெறுகை வழக்கன்று. ஆனாலும் கேள்விதாரர் அல்லாத ஒரு நெடுந்தீவுப் பாவனையாளருக்கும் நீதிமன்றக் கதவு திறக்கக்கூடியது என்பதை இத்தீர்ப்புகள் சேர்ந்து காட்டுகின்றன.

அப்படியானால் தடை எங்கே? அடிப்படை உரிமை மீறலுக்கு 126ஆம் உறுப்புரை ஒரு மாதத்துக்குள் மனுச் செய்யச் சொல்கிறது. உரிமை மீறலை அறிந்த நாளிலிருந்து அதைக் கணக்கிட நீதிமன்றம் இடமளித்திருக்கிறது. ஆனால் திகதியிட்ட தீர்மானமாக வெளிவராத ஓர் இடைநிறுத்தத்தில் அந்த மாதம் எந்த நாளில் தொடங்கும்? தூதரகப் பதிவு வந்த நாளிலிருந்தா? ஒப்பந்தம் வழங்கப்பட்ட நாளுக்கு ஆவணம் இருக்கிறது. அது கைநழுவிய நாளுக்கு வெளிநாட்டுத் தூதரகமொன்றின் சில வரிகளே கிடைக்கின்றன. இது சிறிய குறைபாடாகத் தோன்றினால், நெடுந்தீவில் ஒரு மனுதாரருக்காகச் சத்தியக்கடதாசி எழுத உட்காரும் சட்டத்தரணியின் இடத்தில் நின்று பார்க்க வேண்டும்.

கடன் மானியமாக மாறியது தீவுகளுக்கு நல்லதுதானே என்பார்கள். ஏறத்தாழ 1.2 கோடி டொலர் கடன்திட்டம் 1.1 கோடி டொலர் மானியமானது உண்மையான ஆதாயம். முறைகேட்டுக்கு அது பதிலாகாது. தாமதத்துக்கும் விலை உண்டு. பெங்களூருவின் யூ சோலார் நிறுவனத்துடன் ஒப்பந்தம் கைச்சாத்தானது 2024 மார்ச் 1இல்தான். 530 கிலோவாட் காற்றாலையும் 1,700 கிலோவாட் சூரியப் பலகைகளும் காகிதத்தில் இருந்த மூன்று ஆண்டுகளுக்குள் 2022இன் எரிபொருள் நெருக்கடியும் அடங்கும். கடல் கடந்து கொண்டுவரப்பட்ட டீசலில் ஓடிய மின்பிறப்பாக்கிகளே அப்போது தீவுகளுக்கு மின்சாரம் தந்தன. தாய்நிலத்தில் வாகனங்கள் எரிபொருளுக்கு நாட்கணக்கில் வரிசை கட்டிய காலத்தில், படகுக்கும் டீசல் வேண்டும், படகில் ஏற்றவும் டீசல் வேண்டும் என்ற நிலைமை குறிகட்டுவான் துறையில் எவ்வளவு நெருக்குதலானது என்பதைத் தீவகத்தாருக்கு விளக்க வேண்டியதில்லை.

மன்னார், பூநகரி காற்றாலைகளில் குறை மறுபுறமாக இருந்தது. அதானி குழுமத்துக்குப் போட்டியின்றி வேலை வழங்கப்பட்டதை எதிர்த்து உயர் நீதிமன்றத்தில் மனுக்கள் தாக்கலாகின. 2025 பெப்ரவரியில் நிறுவனமே விலகியது. போட்டி நடக்காதபோது கேட்பதற்கு ஒரு மன்றம் இருந்தது. போட்டி நடந்து முடிவும் வந்து, அது சத்தமின்றிக் கைவிடப்படும்போது எங்கே கேட்பது என்பதைப் பெறுகைச் சட்ட ஆய்வு இன்னும் போதிய கவனத்துடன் எடுத்துக்கொள்ளவில்லை.

அதற்கான முதல் வேலை நடைமுறைக்குரியது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், 2021 ஜனவரிக்கும் 2022 மார்ச்சுக்கும் இடையிலான கோப்பை மின்சார சபையிடமும் அமைச்சிடமும் கோர வேண்டும். தேசிய பாதுகாப்பையும் வெளிநாட்டு உறவையும் காட்டி 5(1)(ஆ) பிரிவின் கீழ் அவர்கள் மறுக்கக்கூடும். அப்போது 5(4)ஆம் பிரிவின் பொதுநல விதிவிலக்கைத் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு எடைபோட்டே ஆக வேண்டும். இடைநிறுத்தத்துக்கான காரணம் ஓர் இலங்கை நிறுவனத்தின் எழுத்தில் வருவதும், அதில் ஒரு திகதி இருப்பதும் அந்த முடிவில் தங்கியிருக்கிறது.