பல பயனர் குறிகை கண்டறிதல்: நியூமன் குறுக்குவழி எதுவரை?

ஒரே நேரத்தில், ஒரே அலைவரிசையில் பல கைபேசிகள் பேசும்போது கோபுரத்து ஏற்பிக்குக் கிடைப்பது கலவைதான். யார் எதை அனுப்பினார் என்று அதிலிருந்து பிரித்தறிய வேண்டும். பிழை மிகக் குறைந்த வழியை 1986இல் செர்ஜியோ வெர்தூ ஆராய்ந்து காட்டினார். ஆனால் அதன் கணக்குச் செலவு பயனர் எண்ணிக்கையோடு அடுக்கடுக்காக ஏறும்.

எட்டுப் பயனர்கள், ஆளுக்கு 16 குறியீடுகளில் ஒன்றை அனுப்புவதாகக் கொள்வோம். ஒப்பிட வேண்டிய சேர்க்கைகள் சுமார் 429 கோடி. 20 மெகாஹெர்ட்ஸ் எல்டிஇ பட்டையில் இந்தத் தீர்ப்பை ஒரு மில்லிநொடிக்குள் 16,800 முறை சொல்லியாக வேண்டும்.

நெருக்கடி தளர்ந்தது அன்டெனாக்களால். அவற்றைப் பெருமளவு கூட்டினால் பயனர்களின் வானலைத் தடங்கள் தாமாகவே விலகி நிற்கும் என்று 2010இல் தாமஸ் மார்செட்டா நிறுவினார். எளிய நேரியல் முறையே போதும். அதற்கு ஓர் அணியின் நேர்மாறு வேண்டும். அந்தச் செலவையும் தவிர்க்கவே, நேர்மாறை அணி அடுக்குகளின் கூட்டலாக எழுதும் நியூமன் தொடரின் முதல் சில உறுப்புகளோடு நிறுத்திக்கொள்ளும் குறுக்குவழி பரவியது.

இந்தச் சிக்கனம் பார்வைக்குத் தோன்றும் அளவு பெரிதன்று.

128 அன்டெனா, 8 பயனர் என்று எடுத்துக்கொள்வோம். தடங்கள் ஒன்றையொன்று சாராதிருந்தால், மார்ச்சென்கோ–பாஸ்தூர் விதிப்படி, அன்டெனா எண்ணிக்கையால் வகுத்த அந்த அணியின் ஐகென் மதிப்புகள் ஏறத்தாழ 0.56க்கும் 1.56க்கும் இடையில் அடங்கும். உறுப்பு ஒன்று கூடும்போதெல்லாம் பிழை கிட்டத்தட்டப் பாதியாகும். தொடர் நன்றாகவே வேலை செய்கிறது. ஆனால் நேர்மாறு காணும் செலவு 8இன் கனம், அதாவது 512 பெருக்கல்கள் என்ற அளவே. அந்த அணியை உருவாக்கும் செலவோ 128ஐ 8இன் வர்க்கத்தால் பெருக்கிய 8,192. மிச்சமாவது சிறு பகுதியில்தான்.

பயனர்கள் 32 ஆனால் நேர்மாறின் பங்கு கணிசமாகிறது. அங்கே ஐகென் மதிப்பு 2.25 வரை போய் ஒன்றிலிருந்து அளவுக்கு மீறி விலகுவதால் தொடர் ஒருங்காமல் சிதறுகிறது. அன்டெனாக்கள் பயனர்களைப் போல் சுமார் 5.83 மடங்குக்கு மேல் இருந்தால் மட்டுமே அது ஒருங்கும். குறுக்குவழி பத்திரமாக இருக்கும் இடத்தில் ஆதாயம் சொற்பம். ஆதாயம் கூடும் இடத்தில் குறுக்குவழி இல்லை.

நேர்மாறு காணாமல் விடையைப் படிப்படியாக நெருங்கும் இணைச் சரிவு முறைக்கு (conjugate gradient) இந்த வரம்பு கிடையாது. அதே 32 பயனர் நிலையிலும் அதன் பிழை வரம்பு படிக்குப் படி பாதியாகும். அணியை உருவாக்காமலே கணக்கை நடத்தலாம். ஆனால் குறிகை வரும் ஒவ்வொரு முறையும் அதைப் புதிதாக ஓட்ட வேண்டும். ஓடும் வாகனங்களின் தடம் விரைந்து மாறுவதால் அங்கே இது பொருந்தும். உட்கார்ந்த இடத்திலிருந்து பேசுவோருக்கு நேர்மாறை ஒருமுறை கண்டு பலமுறை பயன்படுத்துவதே மலிவு.

ஆகவே புதிய முறையை முன்வைப்போர் பெருக்கல்களின் எண்ணிக்கையோடு, அன்டெனா–பயனர் விகிதத்தையும் தடம் மாறாதிருக்கும் நேரத்தையும் சேர்த்துத் தர வேண்டும். கூட்டத்தில் நெருங்கி நிற்கும் பயனர்களின் தடங்கள் ஒன்றையொன்று சார்ந்தே அமையும் என்பதால், அந்த நிலையிலும் சோதித்த முடிவுகள் தேவை.