கைத்தொழிலும் கைவழிக் கல்வியும்

நாம் பணியாற்றும் பள்ளியில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் களிமண் பிசைந்து தென்பெண்ணையாற்றின் போக்கையும் அதன் அருகிலுள்ள குன்றுகளையும் செய்துகொண்டிருந்த ஒரு நாள், மாணவி ஒருத்தியின் தந்தை வகுப்பு வாயிலில் வந்து நின்றார். செங்கல் சூளையில் வேலை பார்ப்பவர். சிறிது நேரம் பார்த்துவிட்டு, "மண்ணு பிசையக் கத்துக்குடுக்கவா சார் பள்ளிக்கூடம் அனுப்பறோம்? அதை நானே சொல்லிக்குடுத்திருப்பேனே" என்றார். அவர் குரலில் சினம் இல்லை, அச்சமே இருந்தது. அன்று அவருக்குத் தக்க விடை கூற நம்மால் இயலவில்லை. நம் கல்விக் கழகத்தின் வெள்ளிவிழா மலருக்குக் கட்டுரை கேட்கப்பட்டபோது, அந்த விடையையே எழுதலாம் எனத் துணிந்தோம்.

அவருடைய அச்சத்திற்கு ஒரு வரலாறு உண்டு. 1953ஆம் ஆண்டு, இராசாசி முதலமைச்சராக இருந்தபோது, கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளில் ஒரு புதிய திட்டம் புகுத்தப்பட்டது. பிள்ளைகள் நாளொன்றுக்கு மூன்று மணி நேரம் மட்டுமே பள்ளியில் இருப்பர். எஞ்சிய நேரத்தில் பெற்றோரின் தொழிலைப் பழகுவர். இருக்கும் கட்டடத்தையும் ஆசிரியர்களையும் கொண்டே இருமடங்கு பிள்ளைகளுக்குக் கற்பிக்கலாம் என்பது அரசு கூறிய காரணம். பணமுடை உண்மையே. ஆயினும் நம் தெருப் பிள்ளைக்கு அத்திட்டம் எதைக் கொடுத்தது என்பதை எண்ணிப் பாருங்கள். தச்சர் மகனுக்கு உளியாவது கிடைக்கும். பண்ணையாளின் மகனும், ஊர்த் தோட்டியின் மகனும், செத்த மாட்டை இழுப்பவரின் மகனும் பிற்பகலில் எதைப் பழகுவது? பெரியாரும் திராவிட இயக்கத்தாரும் இதனைக் 'குலக்கல்வித் திட்டம்' என்று அழைத்துக் கடுமையாக எதிர்த்தனர். 1954-இல் இராசாசி பதவி விலகினார். அடுத்து வந்த காமராசர் ஆட்சியில் அவ்வாண்டே அத்திட்டம் கைவிடப்பட்டது. ஓராண்டே நீடித்த திட்டம் எனினும், 'கைவேலை' என்ற சொல்லைக் கேட்டவுடன் நம் மக்கள் திடுக்கிடுவது இன்றும் நிற்கவில்லை.

ஆனால் கையால் கற்பது வேறு, கைத்தொழிலில் கட்டிப்போடுவது வேறு. இந்த வேறுபாட்டை நம் இளைஞர்கள் தெளிவாக உணர வேண்டும்.

கர்னல் ஆல்காட் 1894-இல் அடையாற்றை அடுத்த ஊரூரில் நம் மக்களின் பிள்ளைகளுக்கென ஓர் இலவசப் பள்ளியைத் தொடங்கினார். பின்னர் சென்னையில் அத்தகைய பள்ளிகள் மேலும் சில எழுந்தன. அவற்றைக் கண்காணித்த கோர்ட்ரைட் அம்மையார், அங்குக் கற்பிக்கும் முறையைப் பற்றி 1906-இல் ஒரு நூலே எழுதி வெளியிட்டார். பொருள்களைக் கையில் எடுத்து, விளையாட்டாகவும் பாட்டாகவும் கற்கும் முறை நம் பிள்ளைகளுக்கு நூறாண்டுகளுக்கு முன்னரே கிட்டியிருக்கிறது என்பது பலர் அறியாத செய்தி. குறையும் உண்டு. அவை தொடக்கப் பள்ளிகள்; அதற்கு மேல் ஏறப் படி அங்கு இல்லை.

1937-இல் வார்தாவில் காந்தியடிகள் முன்வைத்த ஆதாரக் கல்வியையும் மறந்துவிடலாகாது. ஒரு கைத்தொழிலை நடுவில் வைத்து எல்லாப் பாடங்களையும் அதன் வழியே கற்பிப்பது அதன் நோக்கம். முதியவர்களைக் கேட்டால் தக்களியில் நூல் நூற்றதைச் சொல்வார்கள். அந்த நூலைக் கொண்டு என்ன கணக்குக் கற்றீர்கள் என்று கேட்டால் சிரிப்பார்கள்.

வேறுபாட்டைத் துலக்கமாகக் காட்டியவர் அமெரிக்கப் பேராசிரியர் ஜான் டூயி. 1913 முதல் 1916 வரை கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பயின்ற அண்ணல் அம்பேத்கருக்கு அவர் ஆசிரியர். டூயி 1896-இல் சிகாகோவில் ஒரு சோதனைப் பள்ளி நடத்தினார். அங்கே பிள்ளைகள் சமைத்தனர், தைத்தனர், நெய்தனர். ஒரு முறை ஒரு குழுவினர் பருத்திக் காயிலிருந்து பஞ்சைக் கையாலேயே பிரித்தெடுத்தனர். முப்பது நிமிட உழைப்பில் கிடைத்தது ஓர் அவுன்சுக்கும் குறைவு! தம் முன்னோர் ஏன் பருத்தியை விட்டுக் கம்பளியை உடுத்தினர் என்பது அப்பிள்ளைகளுக்குத் தாமே விளங்கிற்று. அவர்களுள் எவரும் பஞ்சு பிரிக்கும் கூலியாளாக வேண்டும் என்பது நோக்கமன்று. வேலையை நிறுத்தி, 'ஏன்' என்று கேட்க அங்கே இடம் இருந்தது. சூளையில் அதற்கு இடமில்லை.

நம் மாநிலத்தில் 2003-இல் சென்னை மாநகராட்சியின் 13 பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் தொடங்கிற்று. மதனப்பள்ளியை அடுத்த ரிஷிவேலியின் சிற்றூர்ப் பள்ளிகளில் வளர்ந்த முறையே அதற்கு முன்மாதிரி. 2007-08-இல் அது மாநிலம் முழுதும் பரவியது. அட்டைகள், கற்றல் ஏணி, சுவரின் கீழ்ப்பகுதியில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு கரும்பலகை இவையெல்லாம் ஒருபுறம் இருக்கட்டும். ஆசிரியர் நாற்காலியை விட்டிறங்கிப் பாயில் பிள்ளைகளோடு வட்டமாக அமர்ந்தார். எந்தத் தெருப் பிள்ளை எங்கே உட்காருவது என்பதை அட்டை முடிவு செய்தது. நம்மவர் பலர் வகுப்பிற்கு வெளியே திண்ணையில் அமர்ந்து படித்த காலத்தை அறிந்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

அம்முறை நான்காம் வகுப்போடு நின்றது. ஐந்தாம் வகுப்பிற்கு எளிமையாக்கிய படைப்பாற்றல் கல்வி வந்தது. பாடத்தைப் படித்து, மனவரைபடம் வரைந்து, குழுவாகத் தொகுத்துக் கூறுவது. நன்றே. ஆனால் கை ஓய்ந்து வாயும் எழுதுகோலும் வேலை செய்தன. 2012-13-இல் முப்பருவ முறை வந்தபோது செயல்பாடுகளுக்கும் மதிப்பெண் கிடைத்தது. உடனே கடைகளில் ஆயத்தப் படங்கள் விற்பனைக்கு வந்தன. அன்றாடங்காய்ச்சிகள் கூலிப் பணத்தில் அவற்றை வாங்கிவந்து கொடுத்ததைக் கண்டு நாம் நொந்ததுண்டு. 2019-இல் ஐந்தாம் வகுப்பிற்கே பொதுத்தேர்வு என அறிவிக்கப்பட்டது. 2020 பிப்ரவரியில் அது நீக்கப்படும்வரை நம் வகுப்பில் களிமண் காய்ந்து கிடந்தது. 2022-இல் கீழ் வகுப்புகளுக்கெனத் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டம் பிறகு 4, 5 வகுப்புகளுக்கும் விரிந்ததால், கைக்கு மீண்டும் சிறிது வேலை கிடைத்துள்ளது.

அதற்குப் பெருஞ்செலவு வேண்டுவதில்லை. மொரப்பூரிலிருந்து தருமபுரிக்கு 1906-இல் ஒரு குறுகிய இருப்புப்பாதை போடப்பட்டது. பின்னர் ஓசூர்வரை நீண்ட அப்பாதை, இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் எடுக்கப்பட்டது. அதன் அகலம் 2 அடி 6 அங்குலம். இன்று சென்னை வண்டி செல்லும் பாதை 5 அடி 6 அங்குலம். இவ்விரண்டையும் விளையாட்டுத் திடலில் சுண்ணாம்புத் தூளால் வரையச் செய்தால், கழித்தல் கணக்கும் ஊர் வரலாறும் ஒருங்கே வந்துவிடும். பிள்ளைகள் நடுவில் நின்று வண்டியும் ஓட்டுவர். அதைத் தடுக்க வேண்டியதில்லை.

நாம் ஐந்தாம் வகுப்பில் பயின்றது 1980ஐ ஒட்டிய ஆண்டுகளில். பின்னம் கற்பித்த ஆசிரியர் ஒரு படியையும் ஓர் ஆழாக்கையும் கொண்டுவந்து, எங்களையே தண்ணீர் மொண்டு ஊற்றச் செய்தார். எட்டு ஆழாக்கு ஒரு படி. ஆழாக்கு என்பது அரைக்கால் படி. அன்று மாலை அம்மா கூலியாகக் கொண்டுவந்த ஒரு படி கேழ்வரகை வீட்டு ஆழாக்கால் அளந்தோம். ஏழே இருந்தது. மறுநாளும் அளந்தோம், ஏழே. அம்மாவிடம் சொன்னோம். "தெரியும்டா கண்ணு. கேட்டா நாளைக்கி யாரு வேலைக்குக் கூப்புடுவா?" என்றார். அவர் கைக்கு அந்தக் குறை முன்பே தெரிந்திருந்தது. அதைக் கணக்காக எழுதிக் காட்டத்தான் பள்ளி தேவைப்பட்டது.

சூளைத் தொழிலாளியான அத்தந்தையிடம் இதைப் பின்னர் கூறினோம். அவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "ஆயிரம் கல்லுக்கு இவ்வளவுன்னு கூலி தர்றாங்க சார். உடைஞ்ச கல்லைக் கழிச்சிடறாங்க. அதை எம் பொண்ணு போட்டுப் பாக்குமா?" என்று கேட்டார். அடுத்த கிழமை ஐந்தாம் வகுப்பில் அதுவே கணக்கு.

நம் கழகத்தின் மாலை நேர வகுப்பு ஒவ்வொன்றிற்கும் ஒரு தராசு, ஒரு படி, ஓர் ஆழாக்கு, ஓர் அளவு நாடா வாங்கித் தருமாறு செயற்குழுவை வேண்டுகிறோம். களிமண் ஏரியில் கிடைக்கும்.