700 பேரில் தொடங்கிய அமெரிக்கப் பெண்கள் கால்பந்தும், அது கேட்கும் முழங்கால்களும்

போன வாரம் ஓ.பி.யில் ஒரு பொண்ணு வந்தா. பத்தாம் வகுப்பு. பள்ளி அணிக்காகக் கால்பந்து ஆடுகிறாள். ஓடிட்டு வந்து சட்டென்று திரும்பும்போது முழங்காலுக்குள் "டப்"னு ஒரு சத்தம், கொஞ்ச நேரத்தில் வீக்கம். யாரும் இடிக்கலை, யாரும் தள்ளலை. எம்.ஆர்.ஐ.யில் ஏ.சி.எல். தசைநார் முழுசாகக் கிழிந்திருக்கிறது.

அப்பா இரண்டு கேள்வி கேட்டார். "பொம்பளப் பிள்ளைய பந்து ஆட விட்டதுதான் தப்பா சார்? அமெரிக்கா மாதிரி ஊர்ல எல்லாம் இப்படி ஆகாதுல்ல?"

முதல் கேள்விக்கு அங்கேயே பதில் சொல்லிட்டேன். தப்பே இல்லை. இரண்டாவது கேள்விக்கு ஓ.பி. வரிசையில் நூறு பேரை நிற்க வைத்துக்கொண்டு பதில் சொல்ல முடியாது. அதனால்தான் இந்த இழை. கொஞ்சம் நீளம், டீ எடுத்துட்டு வந்து உட்காருங்க.

1971-72 கல்வியாண்டு. அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளில் கால்பந்து ஆடிய பெண்கள் எத்தனை பேர் தெரியுமா? பள்ளி விளையாட்டுச் சங்கக் கணக்குப்படி 700. நாடு முழுவதற்கும் சேர்த்து 700. எல்லா விளையாட்டையும் கூட்டினாலே பெண்கள் 2,94,015 பேர்தான். அதே ஆண்டு பையன்கள் 36 லட்சத்துக்கும் மேல்.

இதை மாற்றிய சட்டத்துக்குப் பின்னால் இருந்தவர்களில் ஒருவர், எங்க தொழிலுக்கு வர ஆசைப்பட்டு விரட்டப்பட்டவர். பாட்சி மிங்க். ஹவாயில் பிறந்த ஜப்பானிய வம்சாவளிப் பெண். டாக்டராக வேண்டும் என்று 1940களின் கடைசியில் பல மருத்துவக் கல்லூரிகளுக்கு விண்ணப்பம் போட்டார். ஒன்றுகூட சேர்த்துக்கொள்ளவில்லை. சரி என்று சட்டம் படித்தார், நாடாளுமன்றத்துக்குப் போனார். 1972 ஜூன் 23 அன்று அதிபர் நிக்சன் கையெழுத்திட்ட "டைட்டில் நைன்" சட்டத்தைக் கொண்டுவந்தவர்களில் இவரும் ஒருவர். இவர் 2002-ல் இறந்த பிறகு அந்தச் சட்டத்துக்கே இவர் பெயரை வைத்தார்கள். (ஒரு மெடிக்கல் சீட் கொடுத்திருந்தால் இந்தக் கதையே வேற மாதிரி போயிருக்குமோ என்று எனக்கு அடிக்கடி தோன்றும்.)

சட்டம் சொன்னது ரொம்பச் சின்ன விஷயம். மத்திய அரசின் பணம் வாங்கும் எந்தக் கல்வித் திட்டத்திலும் பாலினம் காரணமாக யாரையும் ஒதுக்கக் கூடாது. அதன் மைய வாக்கியத்தில் "விளையாட்டு" என்ற சொல்லே கிடையாது. ஆனால் அமெரிக்காவில் விளையாட்டு கல்விக்கூடத்துக்குள்ளேதான் இருக்கிறது. எனவே சட்டம் மைதானத்துக்கும் போனது.

இங்கேதான் கணக்கு வருகிறது, கவனமாகப் படிங்க. அமெரிக்கன் ஃபுட்பால் என்று ஒன்று இருக்கிறதே, கையில் பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடுவார்களே, அது ஆண்கள் ஆட்டம். பெரிய பல்கலைக்கழகங்கள் அதற்கு மட்டும் 85 பேருக்கு ஸ்காலர்ஷிப் கொடுக்கலாம். பெண்களுக்கும் நியாயமான பங்கு கொடுத்தாக வேண்டும் என்றால் இந்த 85-க்கு எங்கே ஈடுகட்டுவது? நிறைய பேர் ஆடக்கூடிய, செலவு அதிகம் இல்லாத பெண்கள் விளையாட்டு வேண்டும். ஒரு புல்வெளி, ஒரு பந்து, 25 பெண்கள் போதும். கால்பந்து அப்படிப் பொருந்தியது. பெண்கள் அணிக்கு 14 முழு ஸ்காலர்ஷிப் வரை அனுமதி. ஆண்கள் கால்பந்துக்கு 9.9 மட்டும்! (2025-ல் இந்த உச்சவரம்பு முறை மாறிவிட்டது. )

அமெரிக்கப் பெண் பிள்ளைகளின் கால்பந்தில் பிறகு நடந்தவற்றில் பெரும்பகுதிக்கு வேர் இந்த 14-தான் என்பது என் கருத்து.

வட கரோலினா பல்கலைக்கழகம் 1979-ல் பெண்கள் அணி தொடங்கியது. பயிற்சியாளர் ஆன்சன் டோரன்ஸ். 1982-ல் தேசியக் கல்லூரிச் சங்கம் முதன்முறையாகப் பெண்களுக்குக் கோப்பை நடத்தியபோது ஜெயித்தது இவர் அணி. 2024-ல் ஓய்வு பெறும்வரை அந்தக் கோப்பையை 21 முறை தூக்கினார். பயிற்சியின் ஒவ்வொரு பகுதியிலும் யார் யாரை வென்றார்கள் என்று குறித்து, வரிசைப்படுத்தி, எல்லாரும் பார்க்கும்படி ஒட்டுவார். "போட்டிக் கொப்பரை" என்று அதற்குப் பெயர். பெண்கள் தோழிகளை எதிர்த்து முழு வேகத்தில் மோதத் தயங்கக் கூடாது, அதற்கான சூழலை நாம்தான் உண்டாக்க வேண்டும் என்பது அவர் கட்சி.

தேசிய அணிக்கும் அவரே பயிற்சியாளர் ஆனார். 1985-ல் இத்தாலியில் முதல் ஆட்டத்தை 0-1 என்று தோற்ற அணி, ஆறே ஆண்டில், 1991-ல் சீனாவின் குவாங்சோவில் நார்வேயை 2-1 என்று வென்று முதல் பெண்கள் உலகக் கோப்பையைத் தூக்கியது. இரண்டு கோலும் மிஷேல் ஏக்கர்ஸ். அந்த அணியில் 19 வயது மியா ஹாம் இருந்தார். அவர் தேசிய அணிக்கு முதலில் ஆடியது 15 வயதில்!

அப்புறம் 1999 ஜூலை 10, ரோஸ் பவுல் மைதானம். 90,185 பேர் முன்னால் சீனாவை பெனால்டியில் வென்றார்கள். அன்றைக்கு டி.வி. முன்னால் உட்கார்ந்திருந்த எத்தனையோ சின்னப் பெண்களின் அப்பா அம்மாக்கள் மறுநாள் கிளப் தேடிப் போனார்கள். 700-ஆக இருந்த பள்ளிக் கணக்கு 2018-19-ல் 3,90,000-ஐத் தாண்டியது.

சரி, கிளப் என்றால் என்ன? 1964-ல் கலிபோர்னியாவின் டோரன்ஸில் ஆரம்பித்த ஆய்சோ என்ற அமைப்பின் கொள்கை, எல்லாப் பிள்ளையும் ஆடும் என்பது. அப்பாக்களே பயிற்சியாளர், சனிக்கிழமை ஆட்டம், முடிந்ததும் வீட்டுக்கு. ஆனால் கல்லூரி ஸ்காலர்ஷிப் என்ற ஒன்று வந்தபின் பெற்றோருக்கு அது போதவில்லை. தேர்வு வைத்துச் சேர்க்கும், சம்பளப் பயிற்சியாளர் வைத்த கிளப்கள் பெருகின. ஐரோப்பாவில் பெரிய கிளப், பிள்ளையை வளர்த்தால் நாளைக்கு நம்ம அணிக்கு ஆடும் என்று கணக்குப் போட்டுச் செலவு செய்யும். அமெரிக்காவில் பெற்றோர் செலவு செய்கிறார்கள். கட்டணம், சீருடை, விமானம், ஹோட்டல் என்று வருடத்துக்குப் பல ஆயிரம் டாலர். கட்ட முடியாத வீட்டுப் பெண் எவ்வளவு நன்றாக ஆடினாலும் பெரும்பாலும் யார் கண்ணிலும் படமாட்டாள்.

2009-ல் நாற்பது கிளப்கள் சேர்ந்து பெண்களுக்கென்றே இ.சி.என்.எல். என்ற லீக்கைத் தொடங்கின. நோக்கம் நியாயமானதுதான். பலவீனமான அணிகளை எட்டு கோல், பத்து கோல் என்று அடித்து யாருக்கும் ஒன்றும் வளராது. நல்ல அணி நல்ல அணியோடு ஆட வேண்டும். அப்படியே வருடத்துக்குச் சில முறை எல்லோரையும் ஓரிடத்தில் கூட்டிப் பெரிய ஆட்டத் திருவிழா நடத்தினார்கள். ஆடுகளத்தின் ஓரத்தில் மடக்கு நாற்காலி போட்டுக் கல்லூரிப் பயிற்சியாளர்கள் குறிப்பேட்டோடு உட்கார்ந்திருப்பார்கள். மூணு நாளில் மூணு ஆட்டம். நம்ம ஊர் மாப்பிள்ளை வீட்டார் பெண் பார்க்க வருவது மாதிரி. சும்மா சொல்லலை, பதற்றம் அதேதான்.

பார்க்க வருபவர்கள் முதலில் எதைப் பார்ப்பார்கள்? வேகம், உயரம், பலம். கல்லூரி ஆட்டத்தில் வெளியே போன ஆட்டக்காரி திரும்ப உள்ளே வரலாம், உலகக் கோப்பையில் முடியாது. ஆக மூச்சு முட்ட ஓடி, இளைப்பாறி, மறுபடி ஓடும் ஆட்டத்துக்குத்தான் அங்கே மவுசு. சீக்கிரம் பூப்பெய்தி வளர்ந்துவிட்ட பெண் ஜெயிப்பாள். நிதானமாக, பந்தோடு பழகி வளரும் பெண் பெஞ்சில் இருப்பாள். விளைவு? 17 வயதுக்கு உட்பட்டோர் உலகக் கோப்பையில் 2012, 2016, 2018 மூன்றிலும் அமெரிக்கப் பெண்கள் முதல் சுற்றோடு வீட்டுக்குத் திரும்பினார்கள். 2014-ல் ஜப்பானும், 2018-லும் 2022-லும் ஸ்பெயினும் அதை வென்றன. உலகத்திலேயே அதிகம் பெண்கள் கால்பந்து ஆடும் நாடுகளில் ஒன்று அமெரிக்கா என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்க.

கல்லூரிகளுக்குள் போட்டி முற்றவும் வயது கீழே இறங்கியது. பதினான்கு வயதுப் பெண் ஒன்பதாம் வகுப்பில் கால் வைக்கும் முன்பே எந்தப் பல்கலைக்கழகம் என்று வாய்வார்த்தை பேசி முடித்துவிடுகிறாள் என்று 2014 ஜனவரியில் நியூயார்க் டைம்ஸ் பெரிய கட்டுரையே போட்டது. 2017-ல் ஒலிவியா மோல்ட்ரி என்ற சிறுமி வட கரோலினாவின் ஸ்காலர்ஷிப்பை ஏற்றபோது வயது 11. பதினொன்று! கடைசியில் கல்லூரிக்கே போகவில்லை. 13 வயதில் தொழில்முறை வீராங்கனையாகி நைக்கியோடு ஒப்பந்தம் போட்டாள். 18 வயதுக்குக் கீழே சேர்க்க முடியாது என்று லீக் மறுத்தபோது 2021-ல் நீதிமன்றம் போய் ஜெயித்து 15 வயதில் போர்ட்லண்ட் அணியில் ஆடினாள். இதற்கிடையில் 2019-ல் கல்லூரிச் சங்கம் விழித்துக்கொண்டது. பத்தாம் வகுப்பு முடிந்து வரும் ஜூன் 15 வரை எந்தப் பயிற்சியாளரும் பிள்ளையிடம் சேர்க்கை பற்றிப் பேசக் கூடாது என்று விதி போட்டது. ரொம்பத் தாமதம், ஆனால் நல்ல விதி.

கால்பந்துக் கூட்டமைப்பும் சும்மா இருக்கவில்லை. 2017-ல் பெண்களுக்கான தனது சொந்த "டெவலப்மென்ட் அகாடமி"யைத் தொடங்கியது. பயிற்சி அதிகம், ஆட்டம் குறைவு, வெளியே போனவர் திரும்ப வரக் கூடாது. காகிதத்தில் எல்லாமே சரி. ஆனால் இதில் சேர்ந்தவள் பள்ளி அணிக்கு ஆடக் கூடாது என்றார்கள். அங்கேதான் சறுக்கல். பள்ளி அணியில் தோழிகளோடு ஆடுவது அந்தப் பெண்களுக்கு எவ்வளவு முக்கியம் என்று யாரும் அவர்களிடம் கேட்டதாகத் தெரியவில்லை. முக்கிய கிளப்கள் பழைய லீக்குக்கே திரும்பின. 2020 ஏப்ரலில், கொரோனா நேரத்தில், பணமில்லை என்று அகாடமியை மூடினார்கள். எஞ்சிய கிளப்கள் "கேர்ள்ஸ் அகாடமி" என்று இன்னொரு லீக் தொடங்கிவிட்டன. சிறந்தவர் சிறந்தவரோடு ஆட வேண்டும் என்று ஆரம்பித்த ஊரில் இப்போது சிறந்தவர்களே இரண்டு லீக்காகப் பிரிந்து கிடக்கிறார்கள்.

இப்போ முழங்காலுக்கு வர்றேன். நான் எலும்பு சிறப்பு மருத்துவர் இல்லை, எம்.பி.பி.எஸ். தான். ஆனால் இந்தப் பிள்ளைகளை முதலில் பார்ப்பது எங்களைப் போன்றவர்கள்தானே.

ஏ.சி.எல். என்பது தொடை எலும்பையும் கால் எலும்பையும் முழங்காலுக்குள் குறுக்காகக் கட்டியிருக்கும் கயிறு. பூப்பெய்திய பின் பெண்களுக்கு இது அறுபடும் வாய்ப்பு, அதே ஆட்டம் ஆடும் பையன்களைவிடப் பல மடங்கு அதிகம். இடுப்பு அமைப்பு, ஹார்மோன் என்று பல காரணம் சொல்கிறார்கள். நம்மால் மாற்ற முடிந்தது ஒன்று உண்டு: குதித்து இறங்கும் விதம், திரும்பும் விதம். முழங்கால் உள்பக்கமாக மடங்கி, தொடையின் பின்தசை பிடித்துக் கொடுக்காமல் இறங்கினால், கயிறு தனியாக முழு பாரத்தையும் வாங்குகிறது. பெரும்பாலும் யாரும் இடிக்காமலேதான் அறுபடும். கிளப், பள்ளி, திருவிழா என்று வருடம் பூராவும் ஓயாமல் ஆடும் களைத்த காலுக்கு இது இன்னும் ஆபத்து.

ஆபரேஷன் செய்தால் சரியாகிவிடும்தானே என்று கேட்பீங்க. ஏ.சி.எல். கிழிந்த ஸ்வீடன் கால்பந்து வீராங்கனைகளைப் பன்னிரண்டு வருடம் கழித்துப் பரிசோதித்து 2004-ல் வெளியிட்டார்கள். சராசரி வயது 31. எக்ஸ்-ரே எடுத்தவர்களில் 51 சதவீதம் பேருக்கு மூட்டுத் தேய்மானம். 31 வயதில்! என் வயசுக்காரர்கள். என் ஓ.பி.யில் இந்த எக்ஸ்-ரேயோடு வருவது பாட்டிமார்கள்.

இத்தனைக்கும் தடுக்கும் வழியை அமெரிக்காவிலேயே சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். தெற்குக் கலிபோர்னியாவில் 2000, 2001 இரண்டு பருவங்களில், 14 முதல் 18 வயதுப் பெண்களுக்கு, சாதாரண வார்ம்-அப்புக்குப் பதில் 20 நிமிடப் பயிற்சி ஒன்றைக் கொடுத்தார்கள். முழங்கால் உள்பக்கமாக மடங்காமல் குதித்து இறங்குவது, பின்தசைப் பயிற்சி, வேகத்தைக் குறைத்துத் திரும்புவது. கருவி எதுவும் வேண்டாம். ஏ.சி.எல். கிழிவு முதல் வருடம் 88 சதவீதம், அடுத்த வருடம் 74 சதவீதம் குறைவு. ஆய்வு முறையில் குறை இருக்கிறது, குலுக்கல் முறையில் பிரிக்கவில்லை. ஆனால் ஸ்வீடனில் 4,564 பெண்களைக் குலுக்கல் முறையில் பிரித்து, வாரம் இரண்டு முறை 15 நிமிடம் செய்ய வைத்து, 2012-ல் வெளியிட்ட ஆய்விலும் 64 சதவீதம் குறைவு.

ஒரு மாத்திரை இப்படி வேலை செய்தால் எந்தக் கம்பெனியும் விடாது. ஆனால் இதை எல்லா கிளப்பும் தினமும் ஒழுங்காகச் செய்ய வைப்பது இன்றுவரை பெரும்பாடு. ஒன்றரை மணி நேரப் பயிற்சியில் 20 நிமிடம் போகிறதே என்பது பயிற்சியாளர் கவலை. சனிக்கிழமை ஆட்டத்தை ஜெயிக்கணும். ஜெயிக்காவிட்டால் பெற்றோர் பிள்ளையைப் பக்கத்து கிளப்புக்கு மாற்றிவிடுவார்கள். கிழியாத முழங்காலை எந்த அட்டவணையிலும் எண்ணிக் காட்ட முடியாது.

2024-ல் பாரிஸில் பிரேசிலை 1-0 என்று வென்று அமெரிக்கப் பெண்கள் மறுபடி ஒலிம்பிக் தங்கம் வாங்கினார்கள். இந்த அமைப்பு உலக வீராங்கனைகளை உருவாக்குகிறது, அதை மறுக்கவே முடியாது. அந்த அப்பாவின் கேள்விக்குப் பதிலும் இதே அமைப்பிலிருந்துதான் வருகிறது: அங்கேயும் ஆகிறது சார், நிறையவே ஆகிறது.

பொண்ணுக்கு அறுவை சிகிச்சைக்கு எழுதிக் கொடுத்தாச்சு. காப்பீட்டுத் திட்டத்தில் நடந்துவிடும். அவளுக்கு இருந்த ஒரே கேள்வி, எப்போ திரும்ப ஆடலாம் என்பதுதான். ஒன்பது மாதத்துக்கு முன்னால் கூடவே கூடாதுமா என்றேன். அவசரப்பட்டு இறங்கினால் மறுபடி கிழியும் வாய்ப்பு எகிறுகிறது என்று நார்வே ஆய்வு சொல்கிறது. முகம் வாடிப்போச்சு.

சாயங்காலம் அப்பாவிடம் நம்பர் வாங்கி அவள் பள்ளி பி.டி. மாஸ்டருக்குப் போன் போட்டேன். நல்ல மனுஷன், பொறுமையாகக் கேட்டார். மீதி இருக்கும் பிள்ளைகளுக்காவது இந்தப் பயிற்சியை ஆரம்பிக்கலாமே சார் என்றேன்.

"எவ்ளோ நேரம் ஆகும் டாக்டர்?"

"15 நிமிஷம் சார். வாரத்துக்கு ரெண்டு நாள்."

கொஞ்ச நேரம் பேச்சில்லை. "எங்களுக்குக் கிரவுண்டு கிடைக்கறதே முக்கால் மணி நேரம். அடுத்த மாசம் மாவட்டப் போட்டி வேற இருக்கு டாக்டர்..."

வீடியோ லிங்க் அனுப்பி வைத்திருக்கிறேன். நீல டிக் வந்துவிட்டது.