கணுக்களைக் களைதல்: எதுவரை?

காலில் புண் வந்தால் தொடையிடுக்கில் நெறி கட்டும். அந்த நெறி, வீங்கிய நிணநீர்க்கணுதான். சிறுநீர்ப்பைக்கு உரிய கணுக்கள் இடுப்புக்குள், பெரிய இரத்தக்குழாய்களை ஒட்டி உள்ளன. பையிலிருந்து நிணநீர் வழியே கிளம்பும் புற்றுநோய்ச் செல்கள் பெரும்பாலும் முதலில் போய்த் தங்குவது அங்கேதான்.

நோய் உட்சவ்வின் மேலோடு நின்றால், சிறுநீர்த்தாரை வழியே கட்டியைச் சுரண்டி எடுத்துவிட்டு, தேவைப்பட்டால் பிசிஜி மருந்தைப் பைக்குள் செலுத்துவது வழக்கம். கணுக்களைத் தொட வேண்டியதில்லை. தசைக்குள் நோய் இறங்கியிருந்தாலோ, இறங்காமலே வீரியம் மிகுந்திருந்தாலோ பையை அகற்ற நேரிடும். கணுக்களைப் பற்றிய கேள்வி அப்போது எழுகிறது.

ஸ்கேனில் கணுக்கள் இயல்பான அளவில் தெரிந்தால் மட்டும் நிம்மதி அடைய முடியாது. நுண்ணிய நோய்த்துகள் அளவை மாற்றாமலே உள்ளே இருக்கும். தசையை எட்டிய நோய்க்குப் பை அகற்றப்படுவோரில் ஏறத்தாழ நால்வரில் ஒருவருக்குக் கணுக்களிலும் நோய் இருக்கிறது. தசையை எட்டவில்லை என்று கருதப்பட்ட நோய், பையை அகற்றிப் பரிசோதித்தபின் ஆழமானதாகத் தெரியவருவதும் உண்டு.

கணு நோயுள்ளவர்களிலும் சிலர் முறையான கணு நீக்கத்தால் நெடுநாள் வாழ்வதை அமெரிக்க மருத்துவர் டொனால்ட் ஸ்கின்னர் 1982இல் எடுத்துக்காட்டினார். அப்படியானால் இடுப்பைத் தாண்டி, மகாதமனியின் ஓரமாக மேலேறிக் களைந்தால் இன்னும் நல்லதல்லவா? ஜெர்மனியில் 401 பேரிடம் நடந்த ஆய்வு (2019), அமெரிக்காவிலும் கனடாவிலும் 592 பேரிடம் நடந்த ஆய்வு (2024) ஆகிய இரண்டும் இதைச் சோதித்தன. விரிவான நீக்கம் ஆயுளைக் கூட்டியதாக இரண்டிலும் நிறுவப்படவில்லை. பின்னதில், 90 நாளுக்குள் இறந்தோர் வழக்கமான நீக்கத்தில் 2 விழுக்காடு. விரிவான நீக்கத்தில் 7 விழுக்காடு.

இதைக் கொண்டு கணு நீக்கமே வீண் என்று முடிவுகட்டுவது பிழை. இரு ஆய்வுகளிலும் ஒப்பீட்டுக்கு வைக்கப்பட்டதே இடுப்பின் இருபுறமும் செய்த முறையான நீக்கம்தான். வெளி இலியக் குழாய், உள் இலியக் குழாய், அப்டுரேட்டர் பள்ளம் என ஒவ்வோரிடத்திலும் கொழுப்போடு கணுக்களை வழித்தெடுக்க வேண்டும். பள்ளத்தின் குறுக்கே ஓடும் வெண்ணிற நரம்பு முழுநீளமும் கண்ணில் படும்வரை வேலை முடியவில்லை. அது அறுபட்டால் தொடையை உள்நோக்கி இழுக்கும் வலு குன்றும். எடுத்த திசுவை இடவாரியாகத் தனித்தனிக் குப்பிகளில் அனுப்பினால் நோயியல் மருத்துவரின் கணக்கும் தெளிவாகும். அறுவைக்குப்பின் நோய் எதிர்ப்பாற்றல் சிகிச்சை தேவையா என்ற முடிவும் அந்த அறிக்கையைச் சார்ந்ததே.

ஆகவே, பையை அகற்றும் அறுவையில் இடுப்புக் கணுக்களை ஆரம்ப நிலை நோய் என்று சொல்லி அரைகுறையாக விடுவதும் கூடாது. துணிவைக் காட்ட மேலேறுவதும் வேண்டாம். எல்லைக்குள் மிச்சம் வைக்காததே நோயாளிக்குச் செய்யும் நன்மை.