ஒரே நிலத்துக்கு இரண்டு பட்டா: கணிப்பொறி நினைவகத்தின் ஒரு சின்ன வரலாறு



ஹாஸ்டல் சாப்பாட்டைப் பற்றியும் நம் பேராசிரியர்களைப் பற்றியும் என்னைவிட நன்றாக எழுதக்கூடியவர்கள் இந்த மலரில் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களோடு நான் போட்டி போடப்போவதில்லை. இத்தனை வருஷம் எனக்குச் சோறு போட்ட தொழிலைப் பற்றி, அதிலும் அந்தத் தொழிலுக்கு வெளியே யாரும் பேசாத ஒரு விஷயத்தின் வரலாற்றை எழுதுகிறேன். நான் டிவைஸ் டிரைவர் எழுதுகிறவன். ("டிரைவரா? எந்த ரூட்டு?" என்று என் மாமா கேட்டது இன்றும் எங்கள் வீட்டில் ஓடுகிற ஜோக்.) கணிப்பொறிக்குள் சொருகும் ஒவ்வொரு அட்டையோடும் ஆபரேட்டிங் சிஸ்டம் பேசுவதற்கு ஒரு புரோகிராம் வேண்டும். அதுதான் டிவைஸ் டிரைவர்.

நம் காலத்து மைக்ரோபிராசஸர் லேபை நினைத்துக்கொள்ளுங்கள். 8085 கிட்டில் ஒரு முகவரியில் ஒரு எண்ணை எழுதினால், அது நேரே அங்கே போய் உட்காரும். படித்தால் அங்கிருந்தே வரும். நடுவில் தரகர் கிடையாது. அந்த நேர்மை ரொம்ப நாள் நீடிக்கவில்லை. பிராசஸரின் வேகம் ஏற ஏற, நினைவகம் பின்தங்கிப் போனது. இதற்கு ஒரு வழியை 1965-லேயே கேம்பிரிட்ஜ் பேராசிரியர் மாரிஸ் வில்க்ஸ் ஒரு கட்டுரையில் சொன்னார். பெரிய, மெதுவான நினைவகத்துக்கு முன்னால் சின்னதாக, வேகமாக ஒரு நினைவகத்தை வைப்பது. அதை அவர் 'அடிமை நினைவகம்' என்றார். 1968-ல் ஐ.பி.எம். அறிவித்த சிஸ்டம் 360 மாடல் 85-ல் அது விற்பனைப் பொருளாக வந்தது. அளவு வெறும் 16 கிலோபைட்டில் தொடங்கியது. ஒளித்து வைப்பது என்று பொருள்படும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து 'கேஷ்' என்ற பெயரும் அதோடு நிலைத்தது.

நம் ஊர் மளிகைக் கடைக் கணக்கு தெரிந்தவர்களுக்கு கேஷ் புதிதல்ல. மேஜை மேல் கிடப்பது சிட்டை. பெட்டிக்குள் இருப்பது பேரேடு. ஒவ்வொரு வியாபாரத்தையும் சிட்டையில் எழுதி, உடனே பேரேட்டிலும் எழுதினால் அது 'ரைட்-த்ரூ'. பகல் முழுக்கச் சிட்டையில் மட்டும் எழுதிவிட்டு, ராத்திரி கடை கட்டும்போது பேரேட்டில் ஏற்றினால் அது 'ரைட்-பேக்'. இரண்டாவதுதான் வேகம். ஆனால் சாயங்காலம் யாராவது பேரேட்டைத் திறந்து பார்த்தால் பழைய கணக்குதான் தெரியும்.

சரி, இதில் டிரைவர்காரனுக்கு என்ன தலைவலி? நினைவக முகவரி போலவே தோன்றும் சில முகவரிகளுக்குப் பின்னால் நினைவகமே இருக்காது. அங்கே ஒரு அட்டையின் ரெஜிஸ்டர் இருக்கும். அதில் எழுதுவது அட்டைக்கு உத்தரவு. அதைப் படிப்பது "இப்போ உன் நிலைமை என்ன?" என்று கேட்பது. அந்தப் பதிலைச் சிட்டையில் குறித்துவைத்து அதையே திரும்பத் திரும்பப் படித்தால், நேற்று எடுத்த போட்டோவில் தெரியும் கடிகாரத்தைப் பார்த்து இன்று மணி சொல்வது போல ஆகிவிடும். ஆகவே, எந்த முகவரிக்கு கேஷ் உண்டு, எதற்குக் கிடையாது என்று யாராவது சொல்லியாக வேண்டும்.

அதை யார் சொல்வது? இந்த ஒரு கேள்விதான் இந்த வரலாறு முழுவதும்.

1989-ல் வந்த இன்டெல் 486-ல் பிராசஸருக்குள்ளேயே 8 கிலோபைட் கேஷ் இருந்தது. மதர்போர்டு ஒரு பின் வழியாக "இந்த முகவரியை கேஷ் செய்யாதே" என்று சொல்லலாம். அதோடு, ஆபரேட்டிங் சிஸ்டம் வைத்திருக்கும் பேஜ் டேபிளில் ஒவ்வொரு 4 கிலோபைட் பக்கத்துக்கும் இரண்டு பிட்டுகள் கிடைத்தன. ஒன்று "கேஷ் வேண்டாம்", இன்னொன்று "ரைட்-த்ரூ". அதாவது கேள்வி கிட்டத்தட்ட ஆமாம்-இல்லை என்ற அளவில்தான் இருந்தது. விண்டோஸ் என்.டி. வழிவந்த டிரைவர் ஹெடர் கோப்பைத் திறந்து பார்த்தால் இதன் தடயம் இன்றும் கல்வெட்டு போல நிற்கிறது. கேஷ் வகைகளின் பட்டியலில் 'கேஷ் இல்லாதது' என்பதற்கு மதிப்பு 'பொய்', 'கேஷ் உள்ளது' என்பதற்கு மதிப்பு 'மெய்' என்று எழுதியிருப்பார்கள். மூன்றாவது வகைக்கு மட்டும் 2 என்ற எண், அதுவும் 'ஃபிரேம் பஃபர்' என்ற பழைய பெயரிலிருந்து எடுத்தது. இரண்டே பதில் இருந்த கேள்விக்கு மூன்றாவது பதில் பிறகு ஒட்டவைக்கப்பட்டது என்று பார்த்த மாத்திரத்தில் புரியும்.

அந்த மூன்றாவது பதிலைக் கொண்டுவந்தது படம்தான். 1024-க்கு 768 புள்ளிகள், புள்ளிக்கு 2 பைட் என்றால் ஒரு திரைக்கு 1.5 மெகாபைட். அதை கேஷ் இல்லாமல் நான்கு நான்கு பைட்டாக வீடியோ அட்டைக்கு அனுப்பினால் சுமார் 3 லட்சத்து 93 ஆயிரம் நடை. கேஷ் செய்யலாம் என்றால் படம் சிட்டையிலேயே தங்கிவிடும், திரைக்கு வராது. இதற்கு நடுவழியாக 1995-ல் பென்டியம் புரோ 'ரைட்-கம்பைனிங்' என்ற வகையைத் தந்தது. ஒரே தெருவுக்குப் போகும் கடிதங்களைக் கட்டாகக் கட்டி ஒரே நடையில் கொடுப்பது போல, 32 பைட் சேர்ந்ததும் மொத்தமாக அனுப்புவது. நடை 49 ஆயிரமாகக் குறைந்துவிடும்.

இந்த வகையைக் குறிப்பிட எம்.டி.ஆர்.ஆர். என்ற ரெஜிஸ்டர்கள் வந்தன. முதல் 1 மெகாபைட்டுக்குத் தனி ஏற்பாடு. மற்ற நினைவகம் முழுமைக்கும் சேர்த்து எட்டே எட்டு. அதிலும் சிலவற்றை பயாஸ் முதலிலேயே எடுத்துக்கொள்ளும். ஒவ்வொன்றின் அளவும் இரண்டின் அடுக்காக இருக்க வேண்டும், தொடக்கமும் அந்த அளவுக்குப் பொருந்த வேண்டும். லினக்ஸில் ரிச்சர்ட் கூச் இதற்கு எழுதிய டிரைவர் 1999-ல் வெளியான 2.2 பதிப்பில் இருந்தது. படம் எழுதும் வேகம் இரண்டரை மடங்கோ அதற்கு மேலோ கூடலாம் என்று அதன் விளக்கக் குறிப்பே சொன்னது. சூப்பர்யூசர் உரிமை உள்ள எந்த புரோகிராமும் ஒரு கோப்பில் ஒரு வரி எழுதி ஒரு எம்.டி.ஆர்.ஆரைப் பிடித்துக்கொள்ளலாம். முதலில் வந்தவனுக்கு இடம்!

இதன் பலனை நானே பார்த்தேன். ஒரு ஸ்கேன் இயந்திரத்துக்கான படம் பிடிக்கும் அட்டை. அதைத் தொடங்க ஒரு ரெஜிஸ்டரில் 1 எழுதி, உடனே 0 எழுத வேண்டும். காலிங் பெல்லை அழுத்தி விடுவது போல. சில சமயம் அட்டை கிளம்பும், சில சமயம் மரம் மாதிரி நிற்கும். என்னோடு வேலை பார்த்த பையன், "சார், நடுவுல ஒரு பிரிண்ட் போட்டா ஓடுது, எடுத்தா நிக்குது" என்றான். மூன்று வாரம் டிரைவரை வரிவரியாகப் பார்த்தும் அதில் குற்றமில்லை. கடைசியில் எம்.டி.ஆர்.ஆர். பட்டியலைப் பார்த்தபோதுதான் விளங்கியது. வேறொரு இடத்திலிருந்து வாங்கிய திரைக்காட்சி மென்பொருள், அந்த அட்டையின் முழு 16 மெகாபைட்டையும் ரைட்-கம்பைனிங் ஆக்கியிருந்தது. படம் இருந்த பகுதிக்கு அது சரி. ஆனால் ரெஜிஸ்டர்களும் அதே 16 மெகாபைட்டின் வாலில் இருந்தன. 1-ம் 0-ம் ஒரே கட்டில் சேர்ந்து, ஒன்றின் மேல் ஒன்று எழுதப்பட்டு, அட்டைக்குப் போய்ச் சேர்ந்தது 0 மட்டும். நடுவில் பிரிண்ட் வந்தால் சீரியல் போர்ட்டைத் தொட வேண்டும், அப்போது கட்டு அவிழ்ந்துவிடும். ஆகவே ஓடியது!

இது எங்களுக்கு மட்டும் நேர்ந்ததல்ல. ஏ.டி.ஐ. கம்பெனியின் மாக்64 வீடியோ அட்டையிலும் படநினைவின் கடைசியில்தான் ரெஜிஸ்டர்கள். லினக்ஸில் பெரிய பரப்புக்கு ரைட்-கம்பைனிங் எம்.டி.ஆர்.ஆர். போட்டு, அதன்மேல் ரெஜிஸ்டர் இருந்த இடத்துக்கு மட்டும் கேஷ் இல்லாத இன்னொன்றைப் போட்டு ஓட்டை குத்துவார்கள். இரண்டும் மோதினால் கேஷ் இல்லாததே ஜெயிக்கும் என்பது விதி. நாங்களும் அதையேதான் செய்தோம். ஒரு அட்டைக்கு எட்டில் இரண்டு காலி!

1999-ல் பென்டியம் III 'பேட்' என்ற வசதியைத் தந்தது. கேஷ் வகையைப் பரப்புக்குப் பரப்பு அல்ல, பக்கத்துக்குப் பக்கம் சொல்லலாம். எட்டு என்ற வரம்பு ஒழிந்தது. அப்படியானால் எல்லோரும் மறுநாளே அதற்கு மாறியிருக்க வேண்டுமே? லினக்ஸ் அதை முழுமையாக எடுத்துக்கொண்டது 2008-ல், 2.6.26 பதிப்பில்தான். ஒன்பது வருஷத் தாமதம். காரணம் சோம்பேறித்தனம் அல்ல. பேஜ் டேபிள் என்பது முகவரிக்கு நாம் வைக்கும் பெயர். ஒரே பக்கத்துக்கு இரண்டு பெயர் இருக்கலாம். ஒரு பெயரில் "கேஷ் உண்டு", இன்னொரு பெயரில் "கேஷ் இல்லை" என்று இருந்தால்? ஒரே நிலத்துக்கு இரண்டு பட்டா! இரண்டு பேரும் உழ வருகிற அன்றுதான் வில்லங்கம் தெரியும்.

அந்த நாள் 2002 ஜனவரியில் வந்தது. ஏ.எம்.டி. அத்லான் பிராசஸரும் ஏ.ஜி.பி. வீடியோ அட்டையும் உள்ள லினக்ஸ் இயந்திரங்கள் திடீர் திடீரென்று உறைந்து நிற்கின்றன என்று பெரும் பரபரப்பு. முதலில் பிராசஸரின் குறை என்றே பேசினார்கள். நடந்தது இதுதான். லினக்ஸ் தன் நினைவகம் முழுவதையும் 4 மெகாபைட் பெரும்பக்கங்களாக, கேஷ் உள்ளதாக வைத்திருந்தது. அதிலிருந்து சில பக்கங்களை வீடியோ அட்டைக்குக் கொடுத்து, அவற்றுக்கு கேஷ் இல்லாத இன்னொரு பெயரையும் சூட்டியது. பழைய பெயரை யாரும் அழிக்கவில்லை. "அந்தப் பெயரில்தான் யாரும் எழுதப்போவதில்லையே" என்ற நம்பிக்கை. ஆனால் அத்லான் முன்கூட்டியே ஊகித்து வேலை செய்யும் பிராசஸர். நடக்காமலே போகக்கூடிய ஒரு எழுத்துக்காகப் பழைய பெயர் வழியாக ஒரு வரியை கேஷுக்குள் இழுத்து, 'மாற்றப்பட்டது' என்று குறித்துவிடும். கொஞ்ச நேரம் கழித்து அந்தப் பழைய வரி நினைவகத்துக்குத் திரும்பி, அட்டைக்காக எழுதிய புதிய தகவலின் மேல் உட்காரும். சிட்டையில் இருந்த பழைய கணக்கு பேரேட்டின் புதிய கணக்கை அழித்துவிட்டது!

'மெம்=நோபென்டியம்' என்று சொல்லிப் பெரும்பக்கங்களை நிறுத்துவது அவசர மருந்து. விண்டோஸ் 2000-க்கும் ஒரு ஒட்டு தேவைப்பட்டது. நிரந்தர வைத்தியமாக, ஒரு பக்கத்தின் வகை மாறும்போது பழைய பெயரையும் சேர்த்து மாற்றும் நிரலை ஆண்டி க்ளீன் 2002-ல் எழுதினார். 2008-ல் வெங்கடேஷ் பல்லிபாடியும் சுரேஷ் சித்தாவும் அடுத்த படியை ஏறினார்கள். எந்த முகவரிக்கு எந்த வகை கொடுத்திருக்கிறோம் என்று கெர்னலே ஒரு பதிவேடு வைத்துக்கொள்ளும். புதிதாகக் கேட்டு வருபவரின் வகை அதோடு முரண்பட்டால், ஒன்று இருப்பதை வாங்கிக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் கேட்டது மறுக்கப்படும். கிராமக் கணக்குப்பிள்ளை வந்துவிட்டார் என்று வைத்துக்கொள்ளுங்களேன். விண்டோஸிலும் இதே கதைதான். 'கேஷைக் குறிப்பிடு' என்றே பெயரில் இருக்கும் ஒரு மேப்பிங் வசதி உண்டு. ஆனால் அந்தப் பக்கத்துக்கு ஏற்கெனவே ஒரு வகை இருந்தால் அதுதான் செல்லும், நீங்கள் குறிப்பிட்டது செல்லாது என்று அதன் கையேடே சொல்கிறது. முதன்முதலில் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. அத்லான் கதை தெரிந்த பிறகு மரியாதை வந்தது.

அதன்பிறகு டிரைவர்காரனின் சுதந்திரம் படிப்படியாகக் குறைந்தது. 2013-ல் லினக்ஸ் ஒரு புதிய வசதியைக் கொண்டுவந்தது. "ரைட்-கம்பைனிங் வேண்டும்" என்று கேட்டால் போதும். பேட் இருந்தால் எம்.டி.ஆர்.ஆரை அது தொடவே தொடாது. 2015-ல் மாக்64-இன் ஓட்டை குத்தும் வைத்தியமும் போனது. 2020-ல் 5.6 பதிப்பில் 'ஐஓரீமேப்-நோகேஷ்' என்ற பழம்பெயரையே நீக்கிவிட்டார்கள். வெறும் ஐஓரீமேப் என்றாலே கேஷ் இல்லாததுதான் என்று ஆகிவிட்ட பிறகு அந்த வால் எதற்கு?

"வேகம் வேண்டும், என் அட்டையைப் பற்றி எனக்குத் தெரியாதா?" என்று கேட்கும் இளைஞர்களை இன்றும் பார்க்கிறேன். அட்டையைப் பற்றி அவர்களுக்குத் தெரியும், உண்மைதான். ஆனால் அந்தப் பக்கத்துக்கு வேறு யார் என்ன பெயர் வைத்திருக்கிறார்கள் என்பது அவர்களுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவும் முடியாது. அது எல்லோர் கணக்கையும் சேர்த்து வைத்திருப்பவருக்கு மட்டுமே தெரியும். எட்டு ரெஜிஸ்டர்களில் தொடங்கிய இந்த வரலாறு ஒரு பதிவேட்டில் வந்து முடிந்ததற்கு அதுவே காரணம்.

நம் கல்லூரியில் இப்போது படிக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வேண்டுகோள். லேபில் லினக்ஸ் இயந்திரம் ஏதாவது இருந்தால், 'ப்ராக்' அடைவில் உள்ள 'எம்டிஆர்ஆர்' கோப்பையும், டீபக் பகுதியில் உள்ள 'பேட் மெம்டைப் லிஸ்ட்' கோப்பையும் ஒருமுறை திறந்து பாருங்கள். நாலு வரி எண்தான் தெரியும். எந்த எண் எந்த அட்டையுடையது என்று தேடிக் கண்டுபிடியுங்கள். ஒரு சாயங்காலம் போகும், ஆனால் வீண் போகாது.