ஜேவாக்கிங்

சாலையை விதிப்படி கடக்காமல் குறுக்கே நடப்பதற்கு அமெரிக்காவில் பிறந்த பெயர். ‘ஜே’ ஒரு பறவை. நூறாண்டுக்கு முந்தைய அமெரிக்கப் பேச்சில் நகரத்து நடப்பு தெரியாத பட்டிக்காட்டானை ஏளனம் செய்யும் வசவும்கூட. சாலையில் அந்த வசவு முதலில் விழுந்தது வண்டிக்காரர்மேல்தான். 1905 வாக்கில் கான்சாஸ் பத்திரிகைகள், தவறான பக்கத்தில் வண்டி ஓட்டியவரை ‘ஜே டிரைவர்’ என்று திட்டின. நடைபாதையில் மற்றவரை இடித்துக்கொண்டு போனவர் ‘ஜேவாக்கர்’ ஆனார்.

சொல் திசைமாறியது காரால். தெருவில் நடப்பதும் விளையாடுவதும் அன்று எல்லோருக்கும் உரிமை. கார் மோதிப் பிள்ளைகள் இறந்தபோது மக்கள் ஓட்டுநரையே குற்றம் சொன்னார்கள். 1923இல் சின்சினாட்டி நகரில், கார்களின் வேகத்தை மணிக்கு 25 மைலுக்குமேல் போகவிடாத கருவி பொருத்தக் கோரி 42,000 பேர் கையெழுத்திட்டனர். கார்த் தொழில் அஞ்சியது. அந்தக் கோரிக்கையை வாக்கெடுப்பில் தோற்கடித்தது. பிறகு நாடெங்கும் ‘ஜேவாக்கர்’ என்ற கேலியைப் பரப்பி, பழியை நடப்பவர் தலையில் கட்டியது. நடப்பவரைக் கட்டுப்படுத்தி லாஸ் ஏஞ்சலஸ் 1925இல் கொண்டுவந்த போக்குவரத்து விதிகள் பிற நகரங்களுக்கும் முன்மாதிரியாயின. அடிபட்டவரையே குற்றவாளியாக்கிய இந்தச் சொல்லை நடுநிலையானது என்று என்னால் ஏற்க முடியவில்லை.

பிரிட்டனில் இப்படியொரு குற்றமே கிடையாது. மோட்டார்வே போன்ற சில சாலைகளில் மட்டும் நடக்கத் தடை. கலிஃபோர்னியாவில் 2023 ஜனவரி 1 முதல், மோதும் ஆபத்து உடனடியாக இருந்தாலொழியச் சாலையைக் கடப்பவரைப் போலீஸ் நிறுத்தக் கூடாது.